இருக்கை அழைக்கிறது, ஃபுட்ரெஸ்ட் மறுக்கிறது

க்ரூசர் வகை மோட்டார் சைக்கிள் வாங்க வருபவர்களை ஷோரூமில் சற்று நேரம் கவனித்தால் ஒரே காட்சி திரும்பத் திரும்ப நிகழ்வதைக் காணலாம். நடுத்தர உயரமோ அதற்கும் குறைவோ உள்ள ஒருவர் வண்டியில் ஏறி அமர்கிறார். இரண்டு உள்ளங்கால்களும் தரையில் முழுமையாகப் படிகின்றன. அதுவரை வேறு வண்டிகளில் நுனிக்காலில் நின்று பழகியவரின் முகம் மலர்கிறது. அந்த மலர்ச்சியின் பொருள் விற்பனையாளருக்குத் தெரியும். பேச்சு உடனே தவணைத் திட்டத்துக்கு நகர்கிறது. காலைத் தரையிலிருந்து எடுத்து ஃபுட்ரெஸ்ட்டில் வைத்து, ஒரு கால்மணி நேரம் அப்படியே இருந்து பார்க்கலாமா என்று யாரும் கேட்பதில்லை. யாரும் சொல்வதும் இல்லை. ஓடும் வண்டியில் கால் தரையைத் தொடப்போவது சிக்னல்களில் மட்டும்தான் என்பது அந்தக் கணத்தில் எவர் நினைவிலும் இல்லை.

அந்த மலர்ச்சிக்கு நியாயமான காரணம் இருக்கிறது. இந்திய ஆணின் சராசரி உயரம் ஏறத்தாழ 165 சென்டிமீட்டர். பெண்ணின் சராசரி அதைவிடப் பத்துப் பன்னிரண்டு சென்டிமீட்டர் குறைவு. ராயல் என்ஃபீல்டு கிளாசிக் 350இன் இருக்கை தரையிலிருந்து 805 மில்லிமீட்டர் உயரத்தில் இருக்கிறது. 2016இல் வந்த முதல் ஹிமாலயனுக்கு 800. க்ரூசர் என்ற பெயரில் விற்கப்படுபவற்றில் இந்த எண் சட்டென்று இறங்குகிறது: மீட்டியோர் 350க்கு 765, சூப்பர் மீட்டியோர் 650க்கு 740, பஜாஜ் அவெஞ்சர் க்ரூஸ் 220க்கு 737. சூப்பர் மீட்டியோரின் எடை 241 கிலோ. அத்தனை எடையை உயரம் குறைந்த ஒருவர் நின்ற இடத்தில் சாயாமல் பிடித்துக்கொள்ள முடிகிறதென்றால் அந்த 740தான் காரணம். ஆகவே உயரம் குறைந்தவர்களும், முதன்முறையாகப் பெரிய வண்டிக்கு மாறும் பெண்களும் க்ரூசரைத் தேடிச் செல்வதில் வியப்பில்லை.

முரண் அடுத்த அடியில்தான் தொடங்குகிறது. இருக்கையைத் தாழ்த்தியவுடன் ஃபுட்ரெஸ்ட் முன்னே போய்விடுகிறது. இதற்கு வடிவியல் காரணம் உண்டு: தாழ்ந்த இருக்கைக்கு நேர்கீழே ஃபுட்ரெஸ்ட்டை வைத்தால் முழங்கால் மார்பை நோக்கி மடங்கும், அந்த மடக்கத்தைத் தவிர்க்க ஃபுட்ரெஸ்ட்டை முன்னோக்கித் தள்ளுகிறார்கள். எவ்வளவு தள்ளுவது என்பதில்தான் சிக்கல். தோற்றம் கேட்கும் அளவு ஒன்று, கால் கேட்கும் அளவு வேறு. குட்டையான காலுக்காகத் தாழ்ந்து நிற்கும் அதே வண்டி, நீண்ட காலை மனத்தில் வைத்து ஃபுட்ரெஸ்ட்டை அமைத்திருக்கிறது. இருக்கை உயரத்தை மில்லிமீட்டர் சுத்தமாக அச்சிடும் விவரப் பட்டியலில், இருக்கைக்கும் ஃபுட்ரெஸ்ட்டுக்கும் இடையிலான தொலைவு ஒரு வரியாகக்கூட இடம்பெறுவதில்லை. வாங்குபவர் முடிவெடுக்கப் பயன்படும் எண் கிடைக்கிறது. முடிவு சரியா தவறா என்று சொல்லும் எண் கிடைப்பதில்லை.

காலின் இடத்தைப் பொதுவாக மூன்றாகப் பிரிப்பார்கள். இருக்கைக்குப் பின்னால் தள்ளி அமைந்தது பந்தய வண்டிகளுக்குரியது. முழங்கால் இறுக மடங்கும், உடலின் எடை மணிக்கட்டில் இறங்கும். அது இங்கே பேச்சில்லை. இரண்டாவது நடுநிலை: பாதம் ஏறத்தாழ முழங்காலுக்கு நேர்கீழே இருக்கும், நாற்காலியில் அமர்ந்திருப்பதுபோல. மூன்றாவது முன்நிலை: பாதம் முழங்காலைத் தாண்டி, எஞ்சினின் முன்பகுதிக்கு அருகே போய்விடும், சாய்வு நாற்காலியில் கால் நீட்டியதுபோல. க்ரூசர்கள் இந்த இரண்டாவதற்கும் மூன்றாவதற்கும் இடையில் எங்கோ நிற்கின்றன. மீட்டியோர் 350இல் நடுநிலையிலிருந்து சற்று முன்னே. சூப்பர் மீட்டியோரில் இன்னும் முன்னே. ஹார்லி டேவிட்சன் ஒரே ஸ்போர்ட்ஸ்டர் குடும்பத்திலேயே அயர்ன் 883ஐ நடுநிலையிலும் ஃபார்ட்டி எய்ட்டை முன்நிலையிலும் கொடுத்தது. உறவுமுறை வண்டிகள் இரண்டில் அடுத்தடுத்து அமர்ந்து பார்த்தவர்களுக்கு, கால் வைக்கும் இடம் மட்டும் மாறினால் வண்டியே வேறாகிவிடும் என்பதற்கு வேறு சான்று தேவைப்பட்டிருக்காது.

முன்நிலையில் உடலுக்கு என்ன நேர்கிறது என்பதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனெனில் சௌகரியம் என்ற ஒற்றைச் சொல்லால் இது மூடப்படுகிறது. கால்கள் முன்னே நீண்டதும் இடுப்பெலும்பு பின்னோக்கிச் சுழல்கிறது. கீழ்முதுகின் இயல்பான உள்வளைவு தட்டையாகிறது, பிறகு வெளிப்புறமாகக் கூன்போடுகிறது. பாதங்கள் உடலின் எடையில் எந்தப் பங்கையும் ஏற்க முடியாத இடத்தில் இருப்பதால் முழு எடையும் வாலெலும்பிலும் அதற்கு மேலுள்ள முள்ளெலும்புகளிலும் இறங்குகிறது. வேகம் 80, 90 என்று ஏறும்போது மார்பு பாய்மரம்போல் காற்றை வாங்குகிறது. காலை ஊன்றி உடலை முன்சாய்க்க வழியில்லை; ஆகவே கைகள் ஹேண்டில்பாரைப் பற்றித் தொங்கத் தொடங்குகின்றன. தோள்பட்டை வலிக்கு ஹேண்டில்பாரைக் குறை சொல்பவர்களில் பலருக்கு உண்மையான காரணம் ஃபுட்ரெஸ்ட்டில் இருக்கிறது. கால் குட்டையானவருக்கு இன்னொன்றும் சேர்கிறது. பிரேக் பெடலை எட்டுவதற்காக அவர் இருக்கையில் சிறிது சிறிதாக முன்னே சறுக்குகிறார். இருக்கையின் பின்பகுதி தாங்க வேண்டிய இடுப்பு அந்தரத்தில் நிற்கிறது. முதல் இருபது கிலோமீட்டரில் இது தெரியாது. நூறாவது கிலோமீட்டரில் வண்டியை ஓரங்கட்டி, இடுப்பில் கைவைத்து வானத்தைப் பார்க்கும்போது தெரியும். பகல் முழுவதும் நூலக நாற்காலியில் கூன்போட்டு அமர்ந்திருக்கும் ஆய்வு மாணவருக்கு இது இன்னும் சீக்கிரமாகத் தெரியும்.

இந்த அமர்வு எங்கிருந்து வந்தது என்பதையும் கேட்க வேண்டும். போருக்குப் பிந்தைய அமெரிக்காவில் இளைஞர்கள் தம் வண்டிகளை வெட்டியும் ஒட்டியும் நீட்டியும் உருவாக்கிய சாப்பர் மரபிலிருந்து அது வளர்ந்தது. 1969இல் வெளியான ‘ஈஸி ரைடர்’ திரைப்படம் அந்த உருவத்தை உலகெங்கும் கொண்டுசேர்த்தது. நூறு மைலுக்கு வளைவில்லாத, குறுக்கே எதுவும் வராத, மேடுபள்ளமற்ற சாலை அந்த அமர்வின் முன்நிபந்தனை. அங்கே கால் செய்வதற்கு வேலை குறைவு, நீட்டிக்கொண்டிருக்கலாம்.

இந்தியாவில் அதற்கு ஒத்த சாலைகள் இப்போது இருக்கின்றன. வேடிக்கை என்னவென்றால் அவற்றில் பெரும்பாலானவற்றில் மோட்டார் சைக்கிளுக்கு இடமில்லை. மும்பை–புனே விரைவுச்சாலையில் இருசக்கர வாகனங்களுக்கு அனுமதி கிடையாது. தில்லி–மீரட் விரைவுச்சாலையிலும் கிடையாது. பெங்களூரு–மைசூரு நெடுஞ்சாலையின் முதன்மைத் தடத்தில் 2023 ஆகஸ்ட் முதல் தடை வந்தது. யமுனா விரைவுச்சாலை போன்ற விதிவிலக்குகள் சில உண்டு. மற்றபடி, கால் நீட்டி ஓட்டுவதற்குரிய சாலை கம்பிவேலிக்கு அந்தப் பக்கம் ஓடுகிறது. கால் நீட்டிய வண்டி இந்தப் பக்கத்துச் சர்வீஸ் சாலையில், டிராக்டருக்கும் எருமைக்கும் நடுவே, வேகத்தடைமீது ஏறி இறங்கிக்கொண்டிருக்கிறது.

வேகத்தடையைப் போகிறபோக்கில் சொல்லிவிட்டுக் கடக்க முடியாது. இந்தியச் சாலைக் காங்கிரஸின் 99ஆம் எண் வழிகாட்டியின்படி வட்ட வடிவ வேகத்தடை 3.7 மீட்டர் அகலமும் 10 சென்டிமீட்டர் உயரமும் கொண்டதாக இருக்க வேண்டும். மெல்ல ஏறி மெல்ல இறங்குவது அது. நடைமுறையில் ஊர் எல்லைகளில் இருப்பது பெரும்பாலும் அரை மீட்டர் அகலத்தில் ஊரார் போட்ட சிமென்ட் வரப்பு. அதைக் கடக்கும்போது அனுபவமுள்ள ஓட்டுநர் எவரும் அறியாமலே ஒன்றைச் செய்கிறார்: பாதங்களை ஊன்றி, இருக்கையிலிருந்து இரண்டு விரற்கடை எழுகிறார். முழங்காலும் தொடைத் தசையும் அந்த ஒரு நொடிக்கு ஷாக் அப்சார்பராகின்றன. நடுநிலை ஃபுட்ரெஸ்ட்டில் இது மூச்சுவிடுவதுபோல் நடக்கும். முன்நிலையில் நடக்காது. பாதம் உடலின் எடைக்கோட்டுக்கு வெகு முன்னால் இருப்பதால் எழ வேண்டுமென்றால் ஹேண்டில்பாரைப் பிடித்து இழுக்க வேண்டும். திருப்புவதற்கான கருவியை ஏணியாக்கக் கூடாது. எழ முடியாதவரின் முதுகெலும்புதான் ஒவ்வொரு வரப்பையும் வாங்குகிறது. க்ரூசர்களில் பின்பக்க ஷாக் அப்சார்பரின் வீச்சும் பொதுவாகக் குறைவு என்பதையும் இதோடு சேர்த்துக்கொள்ள வேண்டும். மணாலியிலிருந்து லே வரை க்ரூசரில் போய்வந்தவர்களின் வீரக்கதைகள் நிறைய உண்டு. அவற்றில் இயற்கைக் காட்சிக்கு அடுத்தபடியாக அதிகம் பேசப்படுவது முதுகு.

பிரேக்கின் கதை தனி. வலக்கால் பிரேக்கையே முதலில் நாடுவது இந்திய ஓட்டுநர்களின் ஆழ்ந்த பழக்கம். சைக்கிளிலும் சிறிய வண்டிகளிலும் முன்சக்கர பிரேக் குப்புறக் கவிழ்த்துவிடும் என்ற அச்சம் சிறுவயதிலேயே ஊட்டப்படுகிறது. ஆகவே வலப்பாதத்தின் துல்லியம் இங்கே உயிர் சார்ந்த விஷயம். குதிகால் ஃபுட்ரெஸ்ட்டில் ஊன்றியிருக்க, கணுக்காலை மட்டும் அசைத்து பெடலை மிதித்தால் அழுத்தத்தை அளந்து கொடுக்கலாம். கால் முழுவதுமாக நீண்டிருந்தால் கணுக்காலுக்கு வேலை செய்ய இடமிருக்காது. தொடையையே தூக்கி உதைக்க வேண்டிவரும். உதைப்பதில் அளவு இராது. 125 சிசிக்கு மேற்பட்ட வண்டிகளுக்கு 2019 ஏப்ரல் முதல் ஏபிஎஸ் கட்டாயமாகியிருப்பது ஆறுதல்தான். என்றாலும் ஏபிஎஸ் தடுப்பது சக்கரம் பூட்டிக்கொள்வதை. பெடலை எட்டுவதில் ஏற்படும் தாமதத்தை அன்று. பழைய புல்லட்டில் கியர் வலப்புறமும் பிரேக் இடப்புறமும் இருந்தன. அதிலிருந்து புதிய வண்டிக்கு மாறியவர்கள் நெருக்கடியில் பிரேக் என்று நினைத்து கியரை மிதித்த கதைகளை அந்தத் தலைமுறையினர் இன்றும் சொல்வார்கள். நெருக்கடியில் கால் யோசிப்பதில்லை, பழகிய இடத்துக்குப் போகிறது. அந்த இடம் எட்டும் தொலைவில் இருக்க வேண்டும்.

இதில் மொழிக்கும் ஒரு பங்கு உண்டு. மெக்கானிக் கடைகளில் இந்த உறுப்புக்கு வழங்கும் பெயர் ஃபுட்ரெஸ்ட், அதாவது கால் ஓய்வெடுக்கும் இடம். அந்தப் பெயரே வாங்குபவரின் எதிர்பார்ப்பைத் தவறான பக்கம் திருப்பிவிடுகிறது. ஓய்வெடுப்பதற்கான இடமென்றால் எவ்வளவு நீட்டலாமோ அவ்வளவு நல்லது என்றுதான் தோன்றும். தமிழ் சைக்கிளுக்குப் பெயர் வைத்தபோது காலின் வேலையைப் பார்த்து மிதிவண்டி என்றது. மோட்டார் வந்ததும் கால் வேலையற்றதாகிவிட்டதென்று எல்லோரும் நினைத்துக்கொண்டார்கள் போலும். சௌகரியம் என்ற சொல்லும் கவனத்துக்குரியது. அதன் வடமொழி மூலமான ‘ஸௌகர்யம்’ ‘ஸுகரம்’ என்பதிலிருந்து பிறந்தது. ‘எளிதில் செய்யத்தக்கது’ என்பது அதன் பொருள். சும்மா கிடப்பதன் சுகத்தை அது குறிக்கவில்லை, செயலின் எளிமையையே குறித்தது. சொற்பிறப்பை வைத்து வண்டி வாங்க முடியாது. ஆனாலும் ஃபுட்ரெஸ்ட் விஷயத்தில் அந்தப் பழைய பொருள் இன்றைய பொருளைவிட மருத்துவத்துக்கும் இயற்பியலுக்கும் நெருக்கமாக இருக்கிறது.

முன்நிலைக்கு ஆதரவாகச் சொல்லப்படுபவை அனைத்தும் வெறும் பந்தா என்று ஒதுக்குவதும் சரியன்று. முழங்கால் தேய்மானம் உள்ளவர்களுக்கு மடக்கிய நிலையில் நீண்ட நேரம் இருப்பது வேதனை; கால் விரிந்த கோணம் அவர்களுக்கு மெய்யான நிவாரணம். ஆறடிக்கு மேற்பட்டவர்கள் நடுநிலை ஃபுட்ரெஸ்ட்டும் தாழ்ந்த இருக்கையும் கொண்ட வண்டியில் வெட்டுக்கிளிபோல் அமர நேர்கிறது. நகர நெரிசலில் இன்னொரு நன்மையும் உண்டு: காலை இறக்கி வண்டியை உந்தி நகர்த்தும்போது நடுநிலை ஃபுட்ரெஸ்ட் கெண்டைக்காலில் இடிக்கும், முன்நிலையில் அந்த இடம் காலியாக இருக்கும். தில்லியின் மாலை நெரிசலில் தினமும் ஒரு மணி நேரம் நகர்பவருக்கு இது சிறிய விஷயமன்று. அகன்ற தட்டுப்போல் அமையும் ஃபுட்போர்டு முன்னே இருந்தாலும் பாதத்தை முன்னும் பின்னும் மாற்றி வைக்க இடம் தருகிறது. இந்திய வண்டிகளில் நெடுநாளாக வழங்கும் குதிகால்–முன்கால் கியர் லீவரும் காலணியின் மேற்புறத்தைத் தேய்க்காமல் கியர் மாற்ற உதவுகிறது. ஆகவே முன்நிலை தனக்கு வேண்டுமா என்பதை ஒருவர் தன் முழங்காலையும் உயரத்தையும் அன்றாடப் பாதையையும் வைத்து முடிவுசெய்யலாம். பெரும்பாலான இந்திய உடல்களும் பெரும்பாலான இந்தியச் சாலைகளும் நடுநிலையையோ அதற்கு ஓரிரு அங்குலம் மட்டும் முன்னே உள்ளதையோதான் கேட்கின்றன என்பதே இங்கே முன்வைக்கப்படும் வாதம். சராசரியிலிருந்து விலகியவருக்கு உரியதை எல்லோருக்குமான ஒரே அமைப்பாக விற்பதில்தான் பிழை.

லெக் கார்டில் கூடுதலாக ஒரு ஜோடி ஃபுட்ரெஸ்ட்டைப் பொருத்திக்கொண்டு, நெடுஞ்சாலையில் கால்களை அங்கே தூக்கி வைக்கும் வழக்கம் பரவியிருக்கிறது. மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் வண்டி ஒரு நொடியில் 22 மீட்டர் கடக்கிறது. லெக் கார்டிலிருந்து பாதத்தை இறக்கி பிரேக் பெடலைக் கண்டுபிடிக்க அரை நொடியே ஆகும் என்று வைத்துக்கொண்டாலும், மிதிக்கத் தொடங்குவதற்குள் 11 மீட்டர் போய்விடும். சாலை நடுவே படுத்திருக்கும் மாட்டுக்கு அந்தக் கணக்கு தெரியாது.

வண்டி தேர்பவர் செய்யக்கூடிய சோதனை எளிது. இயல்பாகச் சாய்ந்து அமர்ந்து, பாதங்களை ஃபுட்ரெஸ்ட்டில் வைத்து, கைகளை ஹேண்டில்பாரிலிருந்து எடுத்துத் தொடையில் வைத்துக்கொள்ள வேண்டும். வண்டியை ஒருவர் நேராகப் பிடித்திருக்கட்டும். இந்த நிலையில் கையை ஊன்றாமல் கால்பலத்தால் மட்டும் இருக்கையிலிருந்து சிறிதளவு எழ முடிகிறதா? குதிகாலை நகர்த்தாமல் முன்பாதத்தால் பிரேக்கை முழுவதும் அழுத்த முடிகிறதா? அப்படி அழுத்தும்போது இடுப்பு முன்னே சறுக்குகிறதா? பிறகு டெஸ்ட் ரைடில் வழவழப்பான சாலையைத் தவிர்த்து, வேகத்தடையுள்ள தெருவைக் கேட்டு வாங்க வேண்டும். மழைக்காலத்தில் அணியும் காலணியோடு போவது நல்லது. தடித்த அடிப்பாகம் எல்லாக் கணக்கையும் மாற்றும்.

ஏற்கெனவே வாங்கிவிட்டவர்களுக்கும் வழி அடைபட்டுவிடவில்லை. பெரும்பாலான வண்டிகளில் பிரேக் பெடலின் உயரத்தைத் திருத்த ஒரு போல்ட் இருக்கிறது. கியர் லீவரைப் பல்வரிசையுள்ள தண்டில் ஒரு பல் தள்ளிப் பொருத்தலாம். சர்வீஸ் செய்பவரிடம் கேட்டால் பத்து நிமிட வேலை. கேட்காவிட்டால் யாரும் தாமாகச் செய்வதில்லை. இருக்கையின் பின்பகுதியில் சற்றுக் கெட்டியான ஸ்பாஞ்ச் சேர்த்துத் தைத்தால் குட்டையானவரின் இடுப்புக்கு முன்னே ஒரு தாங்கல் கிடைக்கும். தெருவோரக் கடையில் ஃபுட்ரெஸ்ட்டின் தாங்கியை வெட்டி வெல்டிங் செய்து நகர்த்துவதை மட்டும் தவிர்க்க வேண்டும். பிரேக்கின் இணைப்புத் தண்டு அந்தத் தாங்கியை ஒட்டியே ஓடுகிறது. பற்றவைப்பு விட்டுப்போகும் நாள் பெரும்பாலும் பிரேக்கை ஓங்கி மிதித்த நாளாகத்தான் இருக்கும்.

எனினும் போல்ட்டையும் ஸ்பாஞ்சையும் வைத்து வாங்கியவர் சமாளிப்பது நிறுவனங்களின் பொறுப்பைக் குறைத்துவிடாது. 1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 123ஆம் விதி, பின்னால் அமர்பவருக்குக் கைப்பிடி வேண்டும், கால் வைக்க இடம் வேண்டும், ஆடை சக்கரத்தில் சிக்காமலிருக்கப் பாதிச் சக்கரத்தையேனும் மூட வேண்டும் என்கிறது. பின்னிருப்பவரின் சேலையை எண்ணிப் பார்த்த சட்டம் அது. முன்னிருப்பவரின் கால் நீளத்தை எண்ணிப் பார்க்கத் தரவுகளுக்கும் பஞ்சமில்லை. அகமதாபாத்தின் தேசிய வடிவமைப்பு நிறுவனம் வடிவமைப்பாளர்களின் பயன்பாட்டுக்கென்றே இந்திய உடல் அளவுகளைத் தொகுத்த தேவ்குமார் சக்கரவர்த்தியின் நூலை 1997இலேயே வெளியிட்டது. தொழில்நுட்பமும் தடையன்று. கவாஸாகியின் வல்கன் எஸ், ஓட்டுபவரின் கால் நீளத்துக்கேற்ப ஃபுட்ரெஸ்ட்டை மூன்று நிலைகளில் மாற்றிப் பொருத்தும் வசதியோடு வடிவமைக்கப்பட்டது. நிலைக்கு நிலை வேறுபாடு ஏறத்தாழ ஓரங்குலம். 705 மில்லிமீட்டர் இருக்கை உயரம் கொண்ட வண்டி அது. இருக்கையைத் தாழ்த்தியவர்கள் அதோடு நிறுத்தாமல் காலையும் நினைத்தார்கள். இரண்டு மூன்று கூடுதல் துளைகளும் நீளம் மாற்றத்தக்க ஓர் இணைப்புத் தண்டும் சேர்ந்த செலவு, இன்று வண்ணத்துக்கும் குரோம் பூச்சுக்கும் கூடுதலாக வாங்கப்படும் தொகையை மிஞ்சுமென்று நம்புவது கடினம்.

அதுகூட உடனே வேண்டாம். இருக்கையின் தாழ்ந்த பகுதியிலிருந்து ஃபுட்ரெஸ்ட்டின் நடுவரை உள்ள நேர்த்தொலைவு, ஃபுட்ரெஸ்ட் எவ்வளவு முன்னே இருக்கிறது என்ற கிடைத்தொலைவு ஆகிய இரண்டு எண்களும் ஒவ்வொரு வடிவமைப்பாளரின் கணினியிலும் ஏற்கெனவே இருக்கின்றன. விவரப் பட்டியலில் இருக்கை உயரத்துக்குக் கீழே அவற்றை அச்சிடலாம். அச்சிடும்வரை, ஷோரூமுக்குப் போகிறவர் தையற்காரரின் அளவு நாடா ஒன்றைப் பையில் எடுத்துச் செல்லலாம். இதுவரை முதுகு வலிக்காமல் ஓட்டிய பழைய வண்டியில் இதே இரண்டு தொலைவுகளையும் வீட்டிலேயே அளந்து குறித்துக்கொண்டு போனால், புதிய வண்டி எவ்வளவு நீளச் சொல்கிறது என்பது தவணைத் திட்டத்தைப் பற்றிய பேச்சு தொடங்குவதற்கு முன்பே தெரிந்துவிடும்.